அகலமான சாலை, வரிசையாக மரம். ஆனால் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லையே, ஏன்?

மூன்றாம் மாடி (கேள்வி)

வணக்கம். நகரத் திட்டம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, கணக்கு எழுதுகிற ஆள். இரண்டு வருடத்துக்கு முன்னால் புதிதாக உருவான ஒரு பகுதிக்குக் குடிவந்தோம். வரைபடத்தில் பார்த்தபோது ஆசையாக இருந்தது. 30 மீட்டர் சாலை, நடுவில் மரம், வீடுகளுக்கு ஒரு பக்கம், கடைகளுக்கு ஒரு பக்கம், அலுவலகங்களுக்கு ஒரு பக்கம். குப்பை இல்லை, ஹார்ன் சத்தம் இல்லை.

ஆனால் சாயங்காலம் ஆறரை மணிக்குக் கீழே இறங்கினால் நானும் காவலாளியும்தான். கடைப் பக்கத்தில் பாதி மூடிக் கிடக்கிறது; திறந்திருப்பதும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பெயர்ப்பலகை மாறுகிறது. முன்பு இருந்த பழைய பகுதி நேரெதிர். கோணல்மாணலான தெரு, எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுக் கட்டியதாகத் தெரியவில்லை. ஆனால் ராத்திரி பத்து மணிக்கும் ஜேஜே என்று இருக்கும். ஒரு கடை காலியானால் மறு வாரம் வேறு ஆள் வந்துவிடுவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பால்கனிக்கு நேர் எதிரே, அடுத்த வளாகத்தில், என் மகளுடைய தோழியின் வீடு. நடுவில் ஒரு மதில். 60 மீட்டர் இருந்தால் அதிகம், இரண்டு பேரும் கையசைத்துக்கொள்வார்கள். நடந்து போக வேண்டுமானால் வாசலுக்கு வந்து, வெளிச்சாலையைச் சுற்றி, அவர்கள் வாசல் வழியாக உள்ளே போக வேண்டும். கைப்பேசியில் அளந்தேன்: 1,150 மீட்டர். அதனால் காரில் கொண்டுபோய் விடுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் கேள்வி இதுதான். திட்டம் போட்டால் நகரம் செத்துப் போகுமா? அப்படியென்றால் திட்டம் எதற்கு?

பொறுத்திருப்போம்

இரண்டு வருடத்தில் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அந்தப் பழைய பகுதியும் ஒரு காலத்தில் பொட்டலாகத்தான் இருந்திருக்கும். நட்ட மரம் நிழல் கொடுக்கவே பத்து வருடம் ஆகிறது. தவிர, புதுக் கட்டடத்தில் வாடகை அதிகம். கட்டியவரின் கடன் அடைந்து, சுவரில் கறை ஏறி, வாடகை இறங்கிய பிறகுதான் ஒரே ஒரு தையல் மெஷினோடு தொழில் தொடங்குகிறவர் உள்ளே வர முடியும். காலம் தானாகச் சரிசெய்யும்.

பழைய செயின்

வாடகைக் கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மதிலுக்கு வயதானால் அது பழைய மதில் ஆகுமே தவிர வழி ஆகாது.

நான் சர்வே செயின், அதாவது நிலம் அளக்கிற சங்கிலி, பிடித்து வேலைக்கு வந்தவன். அப்புறம் 31 வருடம் டிராஃப்ட்ஸ்மேன். மனைப்பிரிவு வரைந்து வரைந்து கண்ணாடி தடித்ததுதான் மிச்சம். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாடி சார், உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது: 60, 1,150. நடைதூரத்தை நேர்தூரத்தால் வகுத்துப் பாருங்கள், 19 வருகிறது. தெருக்களைச் சதுரக் கட்டமாகப் போட்டால் எவ்வளவு மோசமான மூலைக்குப் போனாலும் இந்த எண் 1.41ஐத் தாண்டாது, பள்ளிக்கூட முக்கோணக் கணக்குத்தான். 19 மடங்கு சுற்றி யாரும் நடக்க மாட்டார்கள். நடப்பவர் இல்லாத தெருவில் கடை நிற்காது. கடை இல்லாத தெருவில் ராத்திரி வெளிச்சம் இருக்காது. வெளிச்சம் இல்லாத இடத்தில் நடக்க யாருக்கும் மனசு வராது. வட்டம் முடிந்துவிட்டது பார்த்தீர்களா?

சாலையின் அகலத்தை விடுங்கள், மூலைகளை எண்ணுங்கள். அமெரிக்காவில் போர்ட்லாண்டும் சால்ட் லேக் சிட்டியும் இரண்டுமே கட்டம் போட்டுப் பிறந்த ஊர்கள். போர்ட்லாண்டின் மையப் பகுதியில் ஒரு கட்டத்தின் பக்கம் 200 அடி, அதாவது 61 மீட்டர். சால்ட் லேக் சிட்டியில் 660 அடி, சுமார் 201 மீட்டர். தெரு அகலம் மட்டும் 132 அடி. போர்ட்லாண்டின் தெருவை 18 மீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் ஒரு சதுர கிலோமீட்டருக்குள் அங்கே ஏறக்குறைய 160 சந்திப்பு, சால்ட் லேக் சிட்டியில் 17. ஒன்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். மூலை என்றால் இரண்டு தெருவின் ஆட்கள் ஒரே வாசலைக் கடப்பார்கள். மூலைமனைக்கு எப்போதும் கிராக்கி இருப்பது சும்மா இல்லை. உங்கள் பழைய பகுதி கோணலாக இருப்பதால் வாழவில்லை சார், அதில் மூலை அதிகம்.

சரி, என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த ஆறாம் வருடம் ஒரு குடியிருப்புக்கு மனைப்பிரிவு போட்டேன். எல்லாம் முட்டுச்சந்து. அப்போது அதுதான் நாகரிகம்: வெளிவண்டி உள்ளே வராது, பிள்ளைகள் தெருவில் விளையாடலாம் என்பார்கள். டிரேசிங் பேப்பரில் மரக்கிளை மாதிரி அழகாக இருந்தது. மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார். பன்னிரண்டு வருடம் கழித்து ஓர் எல்லைத் தகராறுக்காக அங்கே அளக்கப் போனேன். பின்மதிலில், நான் ஸ்கேல் வைத்து ஒரே கோடாக இழுத்த இடத்தில், ஒரு ஓட்டை. இடுப்பு உயரத்துக்குச் செங்கல்லைப் பெயர்த்து இறக்கியிருந்தார்கள், ஓர் ஆள் தோள் அகலம். இந்தப் பக்கம் ஏறுவதற்கு இரண்டு கருங்கல். அந்தப் பக்கம் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பா. கை பட்டுப் பட்டு விளிம்புச் செங்கல் எண்ணெய் தடவியது போல மினுமினுத்தது.

வந்த வேலையை விட்டுவிட்டு அரைமணி நேரம் நின்று எண்ணினேன், 43 பேர். புத்தகப்பையை முதலில் அந்தப் பக்கம் வீசிவிட்டுத் தாண்டுகிற பிள்ளைகள். மூச்சு வாங்க ஏறிய ஒரு பெரியவர், அவருக்குக் கை கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போன ஓர் இளைஞன். ஓட்டைக்கு எதிரே ஒரு கடை. அந்தக் குடியிருப்பிலேயே நன்றாக ஓடிய கடை அதுதான் என்று சொன்னார்கள். இரண்டு முறை மதிலை அடைத்தார்களாம், இரண்டு முறையும் மறு வாரமே திறந்துகொண்டது. மூன்றாவது முறை வந்த மேஸ்திரி விவரமான ஆள். விளிம்பைப் பூசி, தரையைச் சமன் செய்து, ஒரு மீட்டர் திறப்பாகவே விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் பேனாவால் மூடியதை அவர்கள் கடப்பாரையால் திறந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் முட்டுச்சந்து வரையவில்லை என்று சொன்னால் பொய். வரையச் சொன்னார்கள், வரைந்தேன். ஆனால் ஒவ்வொன்றின் கடைசியிலும் இரண்டு மீட்டர் நடைபாதை ஒன்றை நுழைத்துவிடுவேன். பாதிக்கு மேல் அடித்துவிடுவார்கள்.

அடுத்தது, திட்டம் எதற்கு என்று கேட்டீர்கள். தெருவுக்கு. தெரு ஒரு தடவை விழுந்துவிட்டால் அது கட்டடத்தை விட, அரசாங்கத்தை விட, சில நேரம் நெருப்பை விடக் கெட்டி. 1666இல் லண்டன் எரிந்தது, 13,000க்கு மேற்பட்ட வீடுகள் சாம்பல். தீ அணைந்த சில நாட்களிலேயே கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் நேரான அகலத் தெருக்களோடு ஒரு புது வரைபடம் கொண்டுவந்துவிட்டார். வேறு சிலரும் கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. சாம்பலுக்கு அடியில் மனை எல்லை அப்படியே இருந்தது, மனைக்காரர்களும் இருந்தார்கள். சில தெருக்களை அகலப்படுத்தி, செங்கல்லிலும் கல்லிலும்தான் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டு, பெரும்பாலும் பழைய தெருக்கோட்டிலேயே திரும்பக் கட்டினார்கள்.

அதனால்தான் வீடு வருவதற்கு முன்னால் கோடு போட வேண்டும் என்பது. நியூயார்க்கில் 1811இல் மன்ஹாட்டனுக்குத் தெருத்திட்டம் போட்டபோது நகரத்தில் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. 155ஆம் தெரு வரை கோடு இழுத்தார்கள். அதில் பெரும்பகுதி அப்போது வயலும் பாறையும். அளந்தவர் ஜான் ராண்டல், எங்கள் ஜாதி. தோட்டத்துக்குள் புகுந்து அளந்தார் என்று நிலக்காரர்கள் அவர் மேல் வழக்குப் போட்டார்கள். சந்திப்பு வரப்போகிற இடத்திலெல்லாம் பளிங்குக் கல் நட்டார், 1,500க்கு மேல். வெயிலில் செயின் இழுத்தவனுக்குத்தான் அந்த எண்ணின் கனம் தெரியும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தத் திட்டம் தெருவைத்தான் சொன்னது. கட்டத்துக்குள் எங்கே கடை, எங்கே வீடு, எத்தனை மாடி என்று சொல்லவில்லை. எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று நகரம் முழுமைக்கும் மண்டல விதி வந்தது 1916இல்தான், 105 வருடம் கழித்து. அதற்குள் அதே மனையில் குடிசை போய் நாலு மாடி, நாலு மாடி போய் நாற்பது மாடி வந்தாகிவிட்டது. தெரு மட்டும் அசையவில்லை. (பூங்காவுக்கு இடம் விடுவதில் கஞ்சத்தனம் காட்டினார்கள், அதையும் சொல்ல வேண்டும். சென்ட்ரல் பார்க் அந்த வரைபடத்தில் இல்லை. 1850களில் கட்டங்களை அழித்துவிட்டுத்தான் அதற்கு இடம் பண்ணினார்கள்.)

உங்கள் பகுதியில் செய்தது இதன் தலைகீழ். எங்கே தூங்க வேண்டும், எங்கே வாங்க வேண்டும், எங்கே உழைக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதிவிட்டார்கள், வழியை மட்டும் மதிலுக்கு விட்டுவிட்டார்கள். பிரேசிலின் தலைநகர் பிரேசிலியாவைப் பாருங்கள், 1960இல் திறந்தார்கள். லூசியோ கோஸ்டாவின் வரைபடம் கண்ணுக்கு விருந்து, குறை சொல்ல மாட்டேன். ஹோட்டலுக்கு ஒரு வட்டாரம், வங்கிக்கு ஒரு வட்டாரம். 5 லட்சம் பேருக்கு என்று நினைத்துப் போட்ட ஊர். கல் சுமந்து கட்டியவர்கள் எங்கே குடியிருப்பார்கள் என்பது அந்தப் படத்தில் இல்லை. திறப்பு விழாவுக்கு முன்னாலேயே, 1958இல், டாகுவாடிங்கா என்ற துணை நகரம் வெளியே முளைத்துவிட்டது. இன்று அந்தத் தலைநகர்ப் பிரதேசத்தில் 28 லட்சம் பேர். பெரும்பாலோர் அந்த அழகான வரைபடத்துக்கு வெளியே.

கீழ்க்குழாய்

செயின் ஐயா சொன்னதில் முக்கால்வாசிக்குக் கை தட்டுகிறேன். ஆனால் பழைய பகுதியைக் கொண்டாடுகிறபோது எனக்கு மூக்கு சுருங்குகிறது. நான் பாதாளச் சாக்கடை எஞ்சினியர். அந்த ஜேஜே தெருவுக்குக் கீழே இறங்கிப் பார்த்தவன்.

நீங்கள் மேலே நடக்கிற தெருதான் எனக்குக் கீழே குழாய்க்கான இடம். சாக்கடைக்கு மோட்டார் கிடையாது, சரிவுதான் ஓட்டுகிறது. சின்னக் குழாய் என்றால் நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்க வேண்டும். தெரு ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஒரு மேன்ஹோல். மூன்று மீட்டர் சந்தில் குடிநீர்க் குழாயையும் சாக்கடையையும் விலக்கிப் போட இடமே இருக்காது. ஒன்று கசிந்தால் இன்னொன்றுக்குள் போகும். 1854இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், கழிவு கலந்த ஒரு குடிநீர்ப் பம்பின் கைப்பிடியைக் கழற்றச் சொன்ன கதை இதுதான். 1858 கோடையில் தேம்ஸ் நாறி, நாடாளுமன்றத்தில் உட்கார முடியாமல் போன பிறகுதான் சாக்கடை கட்ட எஞ்சினியர் பேசல்ஜெட்டுக்குப் பணம் ஒதுக்கினார்கள். கழிவு ஆற்றில் விழுமுன் வழியிலேயே பிடித்துக்கொண்டு போக அவர் போட்ட இடைமறிப்புக் கால்வாய்கள் மட்டும் 82 மைல். இன்றும் ஓடுகின்றன. நெரிசல் வாழ்வதும் சாவதும் குழாயில் இருக்கிறது.

முட்டுச்சந்துக்கு மட்டும் நானும் எதிரி. தண்ணீர்க் குழாய் அங்கே முட்டி நின்றுவிடும், கடைசி வீட்டில் தண்ணீர் தேங்கும், குளோரின் குறையும். வளையமாக இணைக்கத்தான் நாங்கள் விரும்புவோம். ஆனால் அகலத்தை விட்டுவிடுங்கள் என்றீர்களே, அதை விட மாட்டேன்.

பழைய செயின்

வாபஸ். அகலத்தை விட வேண்டாம், அகலத்தை மட்டும் பார்க்க வேண்டாம் என்று எழுதியிருக்க வேண்டும். பார்சலோனாவுக்கு 1859இல் எஞ்சினியர் இல்டெஃபோன்ஸ் செர்தா போட்ட திட்டம் உங்கள் கட்சிதான்: கட்டம் 113 மீட்டர் சொச்சம், தெரு 20 மீட்டர். மதிலுக்குள் அடைந்து காலராவில் செத்த ஊரைக் கணக்கெடுத்தவர் அவர், அதனால் காற்றுக்கும் சாக்கடைக்கும் சேர்த்துத்தான் போட்டார். ஒவ்வொரு கட்டத்தின் நான்கு மூலையையும் சாய்வாக வெட்டினார், நீராவி வண்டிகள் திரும்ப இடம் வேண்டுமென்று. அவர் நினைத்த வண்டி வரவில்லை, ஆனால் ஒவ்வொரு சந்திப்பும் சின்ன மைதானமாகிவிட்டது. கட்டத்தின் நடுவில் தோட்டம் விடச் சொன்னார். அதை நிரப்பிக் கட்டிவிட்டார்கள். தெருவை நிரப்ப முடியவில்லை.

பஸ் ஜன்னல்

குறுக்கே ஒரு வார்த்தை. ஒரு நாளில் போகவர ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் மனிதன் செலவழிக்கிறான் என்று ஒரு பழைய கணிப்பு உண்டு. நடந்தே போன காலத்து நகரங்கள் குறுக்களவில் ஐந்து கிலோமீட்டருக்குள் நின்றதற்கு அதுதான் காரணம் என்பார்கள். வேகம் கூடினால் நேரம் மிச்சமாகாது, வீடு தள்ளிப் போகும். ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையை 2008இல் சில இடங்களில் 26 தடம் வரை அகலப்படுத்தினார்கள். சில வருடத்தில் நெரிசல் நேரப் பயணம் மறுபடி நீண்டுவிட்டது. அகலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எந்தத் தெருவின் அகலம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாம் மாடி

எல்லோருக்கும் நன்றி. 19 மடங்கு என்று படித்த பிறகு தூக்கம் வரவில்லை. இரண்டு சந்தேகம். ஒன்று, மதிலில் வழி திறக்கலாமா என்று குடியிருப்போர் குழுவில் கேட்டேன். வெளிவண்டியெல்லாம் உள்ளே பாயும் என்று நாலு பேர் எழுந்துவிட்டார்கள். இரண்டு, ஏற்கெனவே ஆளுக்கொரு துண்டாக வாங்கிய நிலத்தில் தெருவுக்கு யார் இடம் கொடுப்பார்?

பழைய செயின்

முதலாவது சுலபம். நடைக்கும் வண்டிக்கும் ஒரே வாசல் வேண்டும் என்று யார் சொன்னது? ஒன்றரை மீட்டர் திறப்பு விட்டு நடுவில் ஒரு குத்துக்கல் நட்டால் சைக்கிள் போகும், கார் போகாது. அதே பார்சலோனாவில் 2016இலிருந்து சில இடங்களில் ஒன்பது கட்டத்தை, அதாவது 400க்கு 400 மீட்டரை, ஒன்றாகச் சேர்த்து உள்தெருக்களில் வண்டி குறுக்கே பாய முடியாதபடி திருப்பிவிட்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பவர் ஊர்ந்து வீட்டுக்குப் போகலாம், நடப்பவருக்கு எல்லாத் திசையும் திறப்பு. முட்டுச்சந்து வரைந்த காலத்தில் நாங்கள் தேடிய அமைதி அதுதான். வண்டியை நிறுத்துவதற்குப் போய் மனிதனையும் சேர்த்து நிறுத்திவிட்டோம்.

கடைகளையும் குழுவில் கேட்டுப் பாருங்கள். ஜப்பானில் மிகக் கறாரான குடியிருப்பு மண்டலத்தில்கூட வீட்டோடு சேர்ந்த சின்னக் கடை, 50 சதுர மீட்டர் வரை, வைக்கலாம். வீட்டுக்குக் கீழே ஒரு கடை வந்தால் குடியிருப்பு கெட்டுவிடாது.

இரண்டாவதுதான் என் உயிர். நில மறுசீரமைப்பு. நூறு பேருடைய கோணல் துண்டுகளையும் காகிதத்தில் ஒன்றாகச் சேர்ப்போம். தெருவுக்கும் பூங்காவுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு வெட்டுவோம், உதாரணத்துக்கு 30 சதவீதம். மிச்சத்தை முகப்புத் தெருவோடு நேர்மனையாக்கி, முடிந்தவரை பழைய இடத்துக்கு அருகிலேயே திருப்பிக் கொடுப்போம். 1,000 சதுர மீட்டர் வைத்திருந்தவருக்கு 700தான் வரும், ஆனால் வண்டி போகாத ஆயிரத்தை விடத் தெரு முகப்புள்ள எழுநூறுக்கு விலை கூடுதல். கணக்கு அவ்வளவுதான். 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவை இப்படித்தான் பெருமளவில் திரும்ப அமைத்தார்கள். நகரத் திட்டத்தின் தாய் என்றே அங்கே இதைச் சொல்வார்கள். கஷ்டம் கணக்கில் இல்லை. "என் மாமரம் யாருக்குப் போகிறது" என்று ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பாரே, அங்கேதான். அந்த மாதிரிக் கூட்டங்களில் நான் வரைபடத்தை விரித்துவிட்டு இரண்டு மணி நேரம் வாயே திறக்க மாட்டேன். பேசி ஓய்ந்த பிறகு ஒவ்வொருவராக வந்து தன் மனையில் விரலை வைப்பார்கள். அப்போதுதான் பென்சிலை எடுப்பேன்.

உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒரு மதில்தான்.

மூன்றாம் மாடி

ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு மகளோடு போனேன். மதில் உயரம் 1.8 மீட்டர். இரண்டு பக்கமும் வளாகத்துக்குப் பொதுவான புல்தரைதான், தனியார் மனை குறுக்கே வரவில்லை. குழுவில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள், இன்னும் பதினொன்று வேண்டும்.

அளந்துகொண்டிருந்தபோது மகள் மதில்மேல் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அந்தப் பக்கம் யாரோ மூன்று செங்கல் அடுக்கிவைத்திருக்கிறார்கள்.

கீழ்க்குழாய்

கடப்பாரை எடுப்பதற்கு முன் அந்த இடத்தில் மேன்ஹோல் மூடி ஏதாவது தெரிகிறதா பாருங்கள்.